எண்ணூறுக்கு மேலே யார்?

குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று காரியங்கள் நிச்சயம். கரண்ட் போகும். பாதையில் எங்கேயாவது மண் சரியும். டீக்கடையில் கிரிக்கெட் பேச்சு ஆரம்பிக்கும். முதல் இரண்டையும் சரிசெய்ய சர்க்கார் ஆட்கள் வந்துவிடுவார்கள். மூன்றாவதுக்கு யாரும் வர மாட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு பாங்க் கிளார்க். "முரளிதரனோட எண்ணூறு விக்கெட்டை எவனும் தொட முடியாது சார். எழுதி வெச்சுக்குங்க!"

எதிர் பெஞ்சில் ஒரு டீ ஃபாக்டரி சூப்பர்வைசர். "கவாஸ்கரோட பத்தாயிரம் ரன்னுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. ரெக்கார்டுன்னு இருந்தா ஒரு நாள் உடையணும். உடையாட்டி அதுக்குப் பேர் ரெக்கார்டு இல்லை, கல்வெட்டு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பி.காம். சண்டைக்கு நடுவே ஒரு பி.காம்.காரனை உட்கார வைத்தால் அவன் என்ன செய்வான்? தீர்ப்புச் சொல்ல மாட்டான். பேப்பர் பேனா கேட்பான். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தில் எண்ணெய் படாத மூலையில் ஆரம்பித்த கணக்கு வீடு வரைக்கும் தொடர்ந்துவிட்டது. அதைத்தான் இந்த வாரம் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரெக்கார்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று லாட்டரி. இன்னொன்று ஆர்.டி., அதாவது மாதா மாதம் பாங்கில் கட்டுகிறோமே, அந்த ரெக்கரிங் டெபாசிட்.

1956-ல் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்தார். மொத்தமே இருபதுதான் இருக்கிறது! அது லாட்டரி ஜாதி. லேக்கர் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்து நாளும் பிட்ச், மழை, எதிரணி, மறுமுனை பௌலரின் துரதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து கதவைத் தட்டின. நாளைக்கே யாராவது ஒரு புதுப் பையன் இருபதும் எடுக்கலாம். ஐந்து நாள் போதும்.

எண்ணூறு அப்படியில்லை. அது ஆர்.டி. ஒரு தவணை விட்டால்கூட மெச்சூரிட்டி தள்ளிப்போகும்.

இந்த ஆர்.டி. ஜாதியில் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடியபோது அகப்பட்டவர் அமெரிக்காவின் எமிட் ஸ்மித். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியின் மலைமாடுகள் போன்ற ஆட்கள் வந்து விழுந்து அமுக்குவார்கள். இந்த அமுக்கல்களுக்கு நடுவே ஸ்மித் 1990 முதல் 2004 வரை பதினைந்து சீசனில் ஓடிச் சேர்த்த தூரம் 18,355 கஜம். கிலோமீட்டரில் சுமார் 16.8. அதாவது ஊட்டியில் கிளம்பி குன்னூரை நெருங்குகிற தூரம். இதற்குப் பதினைந்து வருஷமா என்று சிரிக்காதீர்கள். 4,409 தவணைகளில் ஓடினார். ஒரு தவணைக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை அடி. ஒவ்வொரு பன்னிரண்டரை அடிக்கும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ஆள் மேலே விழுவான். எழுந்து மறுபடி ஓட வேண்டும்.

அவர் ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த எண் நிற்கிறது. இரண்டாவது இடத்தில் இருக்கும் வால்டர் பேட்டன் 16,726. ஸ்மித்தைவிட வேகமாக ஓடுகிறவர்கள் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். ஆனால் ஆட்டம் மாறிவிட்டது. இப்போது ஓடுவதைவிட எறிவதற்குத்தான் மவுசு. ஒரே ஆளைப் பதினைந்து வருஷம் ஓடவிடுகிற வழக்கமும் போய்விட்டது. ஓட்டக்காரன் குறையவில்லை. ஓட்டம் குறைந்துவிட்டது.

இதை மனசின் ஓரத்தில் முடிந்துகொள்ளுங்கள். நம்ம ஆள் கணக்குக்கு வருகிறேன்.

முத்தையா முரளிதரன். 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அப்போது வயது 20. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட்; வயது 38. நடுவில் 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. வீசிய பந்துகள் 44,039.

அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டி-20 மாட்ச்சில் ஒரு பௌலருக்கு அதிகபட்சம் நான்கு ஓவர், 24 பந்து. 44,039 பந்து வீச வேண்டுமானால் அவன் 1,835 மாட்ச் ஆடவேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் முப்பத்தைந்து வருஷம்!

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நம் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த சட்டம் ஒன்று ஓடும். எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். சைக்கிள்காரன் கூட முந்திவிடுவான். ஆனால் ஏறிய ஒரு பல்லிலிருந்து பின்னால் நழுவாது. முரளியும் அந்த ரகம். 55 பந்துக்கு ஒரு விக்கெட். கடித்தார், ஏறினார், அவ்வளவுதான்.

1998-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் வீசியதைச் சொல்ல வேண்டும். முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர், 7 விக்கெட். இரண்டாவதில் 54.2 ஓவர், 9 விக்கெட். ஒரே டெஸ்டில் கிட்டத்தட்ட நூற்றுப் பதினான்கு ஓவர் வீசிவிட்டார்! இரண்டாவது இன்னிங்ஸில் கிடைக்காமல் போன அந்த ஒரு விக்கெட், அலெக் ஸ்டூவர்ட், ரன் அவுட். இங்கிலாந்து மண்ணில் இலங்கைக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. ஆபீஸில் எல்லாருடைய ஃபைலும் ஒரே ஒருத்தர் மேஜைக்குப் போகுமே, பார்த்திருக்கிறீர்களா? "அவர்கிட்டே குடுத்துடு, முடிச்சுடுவார்." அந்த 'அவர்'தான் முரளி. வித்தியாசம், இவர் முகம் சுளிக்கவில்லை.

2001-ல் ஒரே வருஷத்தில் 12 டெஸ்ட், 80 விக்கெட். 2006-ல் 11 டெஸ்ட், 90 விக்கெட்! பலர் ஆயுள் முழுக்க ஆடிச் சேர்க்க முடியாத தொகை, இவருக்கு ஒரு வருஷ வரவு.

சூப்பர்வைசர் கட்சிக்கும் நியாயம் உண்டு. அவர் சார்பில் சரித்திரத்தைப் புரட்டலாம்.

1964-ல் இங்கிலாந்தின் ஃப்ரெட் ட்ரூமன் 300 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள் ஆனார். இதை யாராவது தாண்டுவார்களா என்று கேட்டபோது, தாண்டுகிறவன் களைத்து விழுந்துவிடுவான் என்கிற அர்த்தத்தில் கெட்ட வார்த்தை கலந்து பதில் சொன்னார். மொத்தம் 307-ல் நிறுத்தினார். 1976-ல் வெஸ்ட் இண்டீஸின் லான்ஸ் கிப்ஸ் தாண்டினார், களைப்பில்லாமல். பிறகு டெனிஸ் லில்லி 355. இயன் போத்தம் 383. ரிச்சர்ட் ஹாட்லி 431. 1994-ல் அகமதாபாத்தில் நம் கபில்தேவ் ஹாட்லியைத் தாண்டி, 434-ல் போய் உட்கார்ந்தார். நாமெல்லாம் இனிமேல் அசையாது என்று நம்பினோம். ஆறே வருஷம். 2000-ல் கர்ட்னி வால்ஷ் வந்து தள்ளிவிட்டு 519 வரை போனார்.

அதன்பிறகு நடந்தது மியூசிகல் சேர். 2004 மே மாதம் ஹராரேயில் முரளி வால்ஷைத் தாண்டினார். அதே அக்டோபரில் நம் சேப்பாக்கத்தில் வைத்து ஷேன் வார்ன் முரளியைத் தாண்டினார். வார்ன் 708-ல் நிறுத்திக்கொள்ள, 2007 டிசம்பரில் சொந்த ஊர் கண்டியில் காலிங்வுட்டை போல்ட் ஆக்கி மறுபடி முரளி. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் ஆள் மாறவில்லை.

ஆக, உடையாது என்று சொன்னதெல்லாம் உடைந்திருக்கிறது. ஏன் உடைந்தது என்பதுதான் கேள்வி. ட்ரூமன் பதின்மூன்று வருஷத்தில் 67 டெஸ்ட்தான் ஆடினார். வார்ன் பதினைந்து வருஷத்தில் 145 ஆடினார். ஒவ்வொரு தலைமுறைக்கும் டெஸ்ட்டுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. மாடிப்படி நீண்டுகொண்டே போனால் யாராவது மேலே ஏறத்தானே செய்வார்கள்?

இப்போது அந்தப் படிக்கட்டு எப்படி இருக்கிறது? சிம்பிள் ஃபார்முலா. ஒரு டெஸ்டுக்கு எத்தனை விக்கெட், வருஷத்துக்கு எத்தனை டெஸ்ட். பெருக்கினால் வேலை முடிந்தது. முரளியின் ரேட், டெஸ்டுக்கு ஆறு.

ஜேம்ஸ் ஆண்டர்சன்: 188 டெஸ்ட், 704 விக்கெட். 2024-ல் லார்ட்ஸில் விடைபெறும்போது நாற்பத்திரண்டை எட்டிக்கொண்டிருந்தார். வேகப்பந்து வீச்சாளருக்கு அது சித்தர்களின் வயசு. அவர் ரேட் 3.74. அதே வேகத்தில் 801-க்குப் போக 214 டெஸ்ட் வேண்டும். உலகத்திலேயே அதிகம் ஆடிய டெண்டுல்கரே 200-ல் நிறுத்திவிட்டார், ஸ்வாமி!

நேதன் லயன்: 550-ஐத் தாண்டியவர். ஆனால் டெஸ்டுக்கு நான்குதான். அவருக்கும் 200 டெஸ்ட் தேவை. பிறந்தது 1987-ல்.

ரபாடா: 300 எடுக்க 65 டெஸ்ட். நல்ல ரேட்தான். ஆனால் அந்த 65-ஐ ஆட தென்னாப்பிரிக்காவில் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இதே கதியில் போனால் 801-ஆவது விக்கெட்டின்போது அவருக்கு வயது 44.

பும்ரா: 44 டெஸ்டில் 200, அதுவும் இருபதுக்குக் குறைந்த சராசரியில். பந்தைப் பார்த்தால் பாட்ஸ்மேனுக்கு மட்டுமல்ல, டி.வி. பார்க்கிற நமக்கே கால் கூசும். ஆனால் அந்த 44 டெஸ்ட் ஆட ஏழு வருஷம். கணக்குப் போட்டால் 801 வரும்போது வயது 52. மகனோடு சேர்ந்து ஓப்பனிங் பௌலிங் போடலாம்.

கடைசியாக நம்ம அஷ்வின். மனசுக்கு வலிக்கிற கணக்கு இதுதான். 106 டெஸ்ட், 537 விக்கெட். டெஸ்டுக்கு ஐந்துக்கு மேல். இவர்களில் முரளியின் நிழலையாவது மிதித்தவர் அவர் ஒருத்தர்தான். 66 டெஸ்டில் 350 விக்கெட் எடுத்தபோது முரளியும் அவரும் சரிக்குச் சமம்! பிறகு என்ன ஆச்சு? சொந்த மண்ணில் 65 டெஸ்டில் 383 விக்கெட். வெளிநாடு என்றால் பிட்ச்சைப் பார்ப்பார்கள், மேகத்தைப் பார்ப்பார்கள், "ஸாரி அஷ்வின்" என்பார்கள். 2021-ல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்டிலும் அவர் தண்ணீர் பாட்டில் பக்கம்தான். 2023 உலக டெஸ்ட் ஃபைனலிலும் வெளியே. 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில், தொடர் பாதியில் இருக்கும்போதே விடைபெற்றார். ஆர்.டி. என்று சொன்னேன் இல்லையா? தவணையை அவர் விடவில்லை. கவுன்ட்டரை மூடிவிட்டார்கள்.

முரளியை இலங்கை அப்படி வெளியே உட்கார வைக்க முடியாது. வைத்தால் விக்கெட் எடுக்க ஆள் ஏது? சமிந்தா வாஸ் இருந்தார், 355 விக்கெட். மற்றபடி பந்து முரளி கையில்தான். சின்ன டீமில் பெரிய பௌலராக இருப்பதன் லாபம் இது. நஷ்டம், தோள்பட்டைக்கு.

எல்லாவற்றையும்விட ஒரு எண் என்னைத் திடுக்கிட வைத்தது. 2025-ஆம் வருஷம் முழுக்க இலங்கை ஆடிய டெஸ்ட்டுகள் எத்தனை தெரியுமா? நான்கு! வருஷத்துக்கு நான்கு என்றால் முரளியின் 133 டெஸ்டை ஆடி முடிக்க முப்பத்துமூன்று வருஷம். இன்றைக்கு கண்டியில் இன்னொரு முரளி பிறந்து, இதைவிட நன்றாகப் பந்தைத் திருப்பினாலும், ரிட்டயராகும் வயசில் ஐநூறைத் தொட்டால் அதிசயம்.

இங்கிலாந்தின் ஜோ ரூட் 2025-ல் பாண்டிங்கைத் தாண்டி, டெண்டுல்கரின் 15,921 ரன்னுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டார். அந்த ரெக்கார்டு உடையலாம். காரணம், இங்கிலாந்து இன்னும் நிறைய டெஸ்ட் ஆடுகிறது. ஆனால் டெஸ்ட் நிறைய ஆடுகிற ஊரில் ஸ்பின்னுக்கு வேலை குறைவு. ஸ்பின்னுக்கு வேலை இருக்கிற சின்ன ஊரில் டெஸ்ட் இல்லை. இரண்டும் உள்ள இந்தியாவிலோ பந்தைப் பங்கு போட அஷ்வினுக்கு ஒரு ஜடேஜா. எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டு!

"எல்லாம் சரி, ஆனா அந்த எண்ணூறே சந்தேகக் கேஸ்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆடிட்டர் மாதிரி ஒவ்வொரு வவுச்சராகப் பார்க்கலாம்.

முதல் வவுச்சர்: த்ரோ. 1995-ல் மெல்போர்னில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நிரம்பிய மைதானத்தில், அம்பயர் டாரெல் ஹேர் ஏழு தடவை நோ-பால் கொடுத்தார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசாக நீளாது. பல தடவை பரிசோதனைக்கூடத்தில் கையைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டார். பிற்பாடு ஐ.சி.சி. எல்லா பௌலர்களுக்கும் பொதுவாகப் பதினைந்து டிகிரி வரை அனுமதித்தது. கேஸ் அதோடு முடிந்தது. டீக்கடையில் மட்டும் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வவுச்சர்: ஜிம்பாப்வேயையும் பங்களாதேஷையும் அடித்துச் சேர்த்தது என்பார்கள். வாஸ்தவம், அவர்களிடம் எடுத்தது 176. சரி, கழித்துவிடுங்கள். மிச்சம் 108 டெஸ்டில் 624. டெஸ்டுக்கு 5.78. தள்ளுபடிக்குப் பிறகும் இதுவரை பார்த்த எல்லாரையும்விட ரேட் ஜாஸ்தி!

மூன்றாவது வவுச்சர் செல்லும். ஆஸ்திரேலியாவில் 5 டெஸ்டில் 12 விக்கெட். இந்தியாவில் 11 டெஸ்டில் 40. வார்ன் கட்சிக்காரர்கள் இதை லாமினேட் பண்ணிப் பையில் வைத்திருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. பாலன்ஸ் ஷீட்டில் ஒரு சிவப்பு வரி இருந்தால்தான் அது நிஜக் கம்பெனி.

நான்காவது கிரிக்கெட் வவுச்சரே இல்லை. அவருடைய அரசியல் பேச்சுகள் தமிழ்நாட்டில் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர் கதையைப் படமாக எடுக்க முனைந்தபோது, 2020-ல் எதிர்ப்பு கிளம்பி விஜய் சேதுபதி விலகிக்கொண்டார். படம் வேறு நடிகரோடு 2023-ல் வந்தது. அந்தக் கோபத்துக்கு அவரவருக்குக் காரணம் உண்டு. ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் காலம் கிடையாது.

இத்தனை கணக்கும் முடிந்த பிறகும் என்னை விடாமல் அரித்தது வேறொன்று. அதற்கு நீங்கள் என்னோடு டீக்கடையிலிருந்து வெளியே வந்து எதிரே மலைச்சரிவைப் பார்க்க வேண்டும். பச்சைப் பசேலென்று தேயிலை.

முரளியின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். அங்கே மலையை வெட்டித் தேயிலை நட்டு வளர்த்த லட்சக்கணக்கான பேருக்கு, நாடு சுதந்திரம் அடைந்த 1948-லேயே ஒரு சட்டத்தினால் குடியுரிமை இல்லாமல் போயிற்று. 1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று. சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கிறதல்லவா? அப்படித்தான் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களில் ஏராளமான பேர் நம் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே 1968-ல் வனத்துறை தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் 1976-ல் 'டேன்டீ' என்கிற அரசுக் கழகம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் அந்த லைன் வீடுகளில் கண்டி வாசனையோடு தமிழ் பேசும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

முரளியின் தாத்தாவும் பிறகு தமிழ்நாட்டுக்கே திரும்பியவர்தான். அப்பா முத்தையா கண்டியில் தங்கி பிஸ்கட் தொழில் ஆரம்பித்தார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலையை எரித்தார்கள். அப்போது முரளிக்கு ஐந்து வயது. அப்பா மறுபடி கட்டினார். பையனை செயின்ட் அந்தோனி பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே மைதானம் இருந்தது. சுனில் பெர்னாண்டோ என்று ஒரு கோச் இருந்தார். மீடியம் பேஸ் போட்டுக்கொண்டிருந்த பதினாலு வயசுப் பையனிடம், தம்பி, நீ ஆஃப் ஸ்பின் போட்டுப் பார் என்று சொன்னவர் அவர்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைக் கழற்றினாலும் எண்ணூறு இல்லை. அப்பாவும் தாத்தாவோடு கப்பலேறியிருந்தால்? கடன் வாங்கி ஃபாக்டரியை மறுபடி கட்டாமல் உட்கார்ந்திருந்தால்? நம் கோத்தகிரி லைன் வீட்டிலேயே ஒரு பையன், அதே முழுசாக நீளாத முழங்கையோடு, அதே ரப்பர் மணிக்கட்டோடு வளர்ந்திருந்தால்? முதலில் இந்த மலையில் சமதரைக்கு எங்கே போவது! எங்கள் பக்கத்து மாட்ச்சில் இன்றைக்கும் சட்டம் இதுதான்: பந்து தேயிலைச் செடிக்குள் போனால் இரண்டு ரன், பள்ளத்துக்குள் போனால் அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பயந்தே நல்ல சிக்ஸர்கள் பல அடிக்கப்படாமல் போயிருக்கின்றன.

திறமை மலைக்கு மலை முளைத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்கு இடமும், சொல்லிக்கொடுக்க ஒருத்தரும், பதினெட்டு வருஷம் பந்தைக் கையில் கொடுக்கிற ஒரு டீமும் அமைவதுதான் லாட்டரி. ஆர்.டி. பாஸ்புக் திறப்பதற்கே லாட்டரி அடிக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் கிரிக்கெட்டோடு நிற்கிற சமாசாரமா? நம் ஆபீஸ்களையே பாருங்கள். ஒரே நாற்காலியில் முப்பது வருஷம் தேய்த்த அப்பாக்களின் பிள்ளைகள் நாம். நமக்கு இரண்டு வருஷ கான்ட்ராக்ட், ரின்யூ ஆனால் உண்டு. ஒரு வேலையை ஊறி ஊறிச் செய்து அதில் கை தேர்வதற்குள் வேறு சீட், வேறு கம்பெனி. நாம் சோம்பேறிகள் இல்லை. நமக்குக் கொடுக்கப்படுவது நாலு ஓவர். நாலு ஓவரில் அதிரடி காட்டலாம். எண்ணூறு காட்ட முடியாது.

இலங்கைத் தோட்டங்களில் ஒரு பழக்கச் சொல் உண்டு. நாளெல்லாம் கொழுந்து பறித்து, எடை போட்டு, கணக்கில் அன்றைய கூலியை எழுதினால் அதற்கு 'பேர் போடுவது' என்று பெயர். எடை குறைந்தால் 'அரைப் பேர்'. ஆயுள் முழுக்க உழைத்தாலும் மறுநாள் காலையில் பேர் முதலிலிருந்துதான் ஆரம்பம். தலைமுறை தலைமுறையாக அப்படி அன்றாடம் பேர் வாங்கிய கூட்டத்திலிருந்து வந்தவர்தான் 2010 ஜூலை 22-ஆம் தேதி காலி மைதானத்தில் நின்றார். இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 792 விக்கெட்டோடு இறங்கியிருந்தார். இன்னும் எட்டு வேண்டும். 799 வந்தாயிற்று. மறுமுனையில் மலிங்கா விக்கெட் எடுக்கிறார். லக்ஷ்மண் ரன் அவுட் ஆகிறார். பாக்கி ஒரே ஒரு விக்கெட். அதை வேறு யாராவது எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் 799தான். ஓவர் மேல் ஓவர் போட்டு, கடைசியில் ஓஜா தொட்ட பந்து ஸ்லிப்பில் ஜெயவர்த்தனே கைக்குப் போனது. முரளியின் பந்தில் அவர் பிடித்த 77-ஆவது காட்ச் அது.

அன்றைக்குப் போட்டது முழுப் பேர்.

ஆகவே பி.காம். தீர்ப்பு: பாங்க் கிளார்க் கட்சி ஜெயித்தது. எண்ணூறு உடையாது. பௌலர்கள் குறைந்துவிட்டதால் அல்ல. பந்து வீச நாட்கள் குறைந்துவிட்டதால். ஆனாலும் சூப்பர்வைசர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஏனென்றால் அது உடைகிற நாளில் நமக்குத் தெரியவரும் சேதி வேறு. சின்ன நாடுகள் மறுபடி நிறைய டெஸ்ட் ஆடுகின்றன, எங்கேயோ ஒரு டீம் ஒரு பையனை நம்பிப் பதினெட்டு வருஷம் பந்தைக் கொடுத்திருக்கிறது, அவனும் தவணை தவறாமல் கட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

அந்தப் பையன் எங்கள் மலையிலிருந்து வந்தால் ரொம்ப சந்தோஷம். அதற்கு முதலில் யாராவது இங்கே கொஞ்சம் சமதரை கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.